மினரல் ஆயிலில் ஓடிய பழைய லாரிக்கு சிந்தெடிக் ஊற்றலாமா?

கேள்வி, 04.02.2023

அப்பாவின் லேலண்டு, 2006 மாடல். 7 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இதுவரை 15டபிள்யூ-40 மினரல் ஆயில்தான். ஆயில் கடைக்காரர் சிந்தெடிக்குக்கு மாறுங்கள், 40,000 வரை தொடவே வேண்டாம் என்கிறார். மேஸ்திரியோ மினரல் குடித்துப் பழகிய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றினால் சீல் எல்லாம் போய்விடும், ஆயில் பிரஷர் இறங்கிவிடும் என்கிறார். ஊற்றிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

05.02.2023, காலை

ஊற்ற வேண்டாம் தம்பி. நான் ஊற்றினேன். 3,000 கிலோமீட்டருக்குள் பின்பக்க ஆயில் சீல் ஒழுக ஆரம்பித்தது. கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றி ஏற்ற 11,000 ரூபாய். மூன்று நாள் வண்டி நின்றது. மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள்.

05.02.2023, இரவு

காலையில் எழுதியது லோடு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டு அவசரத்தில் எழுதியது. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

என் வண்டி 2007 மாடல் டாடா 1613. கம்மின்ஸ் 6பிடி 5.9 இன்ஜின், டர்போ உண்டு. 5,883 சிசி, ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பழைய மைக்கோ டீசல் பம்பு, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றுகிறேன். ஒரு நடை போய்வர 1,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, மாதம் ஆறு நடை. பத்து வருடம் நானே ஓட்டினேன். இப்போது டிரைவர் போட்டிருக்கிறேன், ஆனாலும் ஆயில் அளவு காட்டும் டிப் குச்சியை நான்தான் பார்ப்பேன், வேறு யாரையும் நம்புவதில்லை.

2021 ஆகஸ்டில் 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஊற்றினேன். அப்போது வண்டி 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. முதல் இரண்டு நடை இன்ஜின் சத்தம் சன்னமாக இருந்தது போலத் தோன்றியது. மூன்றாவது நடையில் சிராவுக்குப் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது, கிளட்ச் ஹவுசிங்குக்குக் கீழே ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடந்தது. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு லிட்டர் போய்விட்டது. பட்டறையில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சிந்தெடிக் ஊற்றினாயா, அதான். நானும் அப்படியே நம்பி மறுபடி மினரலுக்கு வந்துவிட்டேன்.

08.02.2023

பின் சீலைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சிந்தெடிக் ரப்பரை அரிக்குமா?

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. மொபில் 1 அமெரிக்காவில் 1974-ல் வந்தது. அந்தக் காலத்து சிந்தெடிக்குகளில் பிஏஓ வகை எண்ணெய் சில ரப்பர்களைக் கொஞ்சம் சுருங்க வைக்கும், எஸ்டர் வகை ஊத வைக்கும். இப்போது இரண்டையும் அளவாகச் சேர்த்து, சீலுக்கான மருந்தும் கலந்துதான் வருகிறது. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு வகுக்கும் ஆயில் தரத்தில் சீல் சோதனையும் ஒரு பகுதி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய குறையை இன்னும் பட்டறைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இன்னொன்று உண்மை. பழைய இன்ஜினில் சீல் உதடு தேய்ந்திருக்கும். அந்த இடைவெளியில் வருடக்கணக்காகப் படிந்த கசடு அடைத்துக்கொண்டிருக்கும். கசடைக் கழுவும் மருந்து அதிகமுள்ள ஆயில் எதை ஊற்றினாலும் அந்த அடைப்பு கரையும், ஒழுகல் வெளியே தெரியும். மினரலிலேயே நல்ல தரத்துக்கு மாறியபோது இப்படி ஒழுகிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சீல் ஏற்கெனவே போய்விட்டது, ஆயில் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

08.02.2023

பிரஷர் விஷயத்தை விட்டுவிட்டேன். 15டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டிலும் பின்னால் இருக்கும் 40 ஒன்றுதான். 100 டிகிரி சூட்டில் இரண்டும் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். சூடான இன்ஜினில் முள் பெரிதாக இறங்கக் காரணமே இல்லை. என் வண்டியில் ஐடிலில் ஒரு நூல் இறங்கியது, ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. முன்னால் உள்ள 5, 15 எல்லாம் குளிருக்கான கணக்கு. 15-ஐ மைனஸ் 20 டிகிரியில் சோதிப்பார்கள், 5-ஐ மைனஸ் 30-ல். நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட 10 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்.

11.02.2023

என் முதல் பதிவைத் திருத்த வேண்டியிருக்கிறது. முக்கியமான திருத்தம், தயவுசெய்து படியுங்கள்.

வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டீசல், ஆயில், டயர், பட்டறைச் செலவு எல்லாம் அதில் எழுதுவேன். இங்கே எழுதியதைச் சரிபார்க்க 2021 செப்டம்பர் பக்கத்தைப் புரட்டினேன். சீல் மாற்றிய அன்றைய பில்லில் கடைசி வரி: பிரீதர் குழாய் 1, 340 ரூபாய்.

உடனே ஞாபகம் வந்துவிட்டது. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது பட்டறைப் பையன் பிரீதர் குழாயைக் கழற்றிக் காட்டினான். உள்ளே தார் மாதிரி கருப்பாக இறுகிப்போய், ஒரு விரல் நுழையும் ஓட்டை பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. புதுசு போட்டான். நான் அன்றைக்கு அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் காற்று கீழே ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கத்தான் செய்யும், பழைய இன்ஜினில் அதிகமாகவே இறங்கும். அது வெளியேறும் வழி பிரீதர். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே இளைத்த இடம் இருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். என் வண்டியில் இளைத்த இடம் பின் சீல். ஒருவேளை மினரலாகவே இருந்திருந்தாலும் அந்த மாதமோ அடுத்த மாதமோ அது ஒழுகியிருக்கும். சிந்தெடிக் மெல்லியதாக ஓடி ஒரு வாரம் முன்னால் காட்டியிருக்கலாம்.

ஒன்றரை வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சிந்தெடிக் என் சீலைத் தின்றது என்று சொல்லிவந்தேன். அது தவறு. அப்படி நான் சொன்னவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

11.02.2023

அதனால் தம்பி, ஆயிலைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிரீதர் குழாயைக் கழற்றி டீசலில் கழுவி மாட்டுங்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதன் மேலேயே வையுங்கள். மூடி சும்மா நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்தால், அல்லது குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது ரிங்கைத் தாண்டி காற்று அதிகமாக இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை ஆயில் குறைகிறது என்று டிப்பில் பார்த்து எழுதி வையுங்கள். டிப்பில் அளவு ஏறினாலோ டீசல் வாடை அடித்தாலோ அது வேறு நோய், டீசல் பம்பைப் பாருங்கள்.

19.02.2023

சிந்தெடிக் என்று எழுதியிருந்தால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போதாது. கார் கடையில் விலை குறைவாக ஒரு 5டபிள்யூ-40 கிடைக்கும், டப்பாவின் பின்னால் எஸ்.என்./சி.எஃப். என்று இருக்கும். அது பெட்ரோல் காருக்கானது. சி.எஃப். பழைய தரம், ஏ.பி.ஐ. எப்போதோ கைவிட்டுவிட்டது. டீசல் லாரியின் கரியைத் தூக்கிப் பிடித்து வைக்கும் சக்தி அதில் இல்லை. நமக்குக் குறைந்தது சி.ஐ-4 வேண்டும், அது 2002-ல் வந்தது. 2016 கடைசியில் வந்த சி.கே-4-ம் ஊற்றலாம், அது பழைய இன்ஜினுக்கும் பொருந்தும். அதோடு சேர்ந்தே வந்த எஃப்.ஏ-4 மட்டும் வேண்டாம். அது புது இன்ஜின்களுக்கான மெல்லிய ஆயில், நம் பேரிங் தாங்காது.

சிந்தெடிக் என்ற சொல்லே இழுபறியான சொல். மினரல் அடி எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து எடுத்த குரூப் 3 ரகத்தை கேஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்க, மொபில் அதை எதிர்த்துப் புகார் செய்தது. 1999-ல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பு அமைப்பு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றது. அதிலிருந்து கடைக்கு வரும் சிந்தெடிக்கில் பெரும்பங்கு குரூப் 3-தான். அது மோசமான எண்ணெய் இல்லை. ஆனால் நீங்கள் முன்பக்க எழுத்துக்குப் பணம் கொடுக்காமல் பின்பக்க எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

20.02.2023

மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் தயிர் மாதிரி திரிந்துவிடும் என்பது உண்மையில்லை. ஒன்றோடொன்று கலந்து நிற்க வேண்டும் என்பது தரச் சோதனையிலேயே உள்ளது. வழியில் குறைந்தால் கிடைக்கும் சி.ஐ-4 எதையாவது ஊற்றி வீடு வந்து சேருங்கள்.

26.02.2023

பணக் கணக்கு கேட்டார்கள். என் வண்டிக்கு ஃபில்டரோடு 15 லிட்டர். நான் வாங்கும் மினரல் லிட்டர் 260 ரூபாய், ஆக 3,900, ஃபில்டர் 600, மொத்தம் 4,500. இதை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்கிறேன். சிந்தெடிக் லிட்டர் 520, ஆக 7,800, ஃபில்டரோடு 8,400. அப்படியென்றால் சிந்தெடிக்கை 28,000 வரை ஓட்டினால் சரிக்குச் சரி. அதற்கு மேல் லாபம்.

27.02.2023

நேற்றைய கணக்கு தப்பு. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் திருச்செங்கோட்டு அண்ணன் எடுத்துச் சொன்னார்: உன் வண்டி குடிக்கும் ஆயிலை எங்கே சேர்த்தாய்?

என் வண்டி 2,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மினரலில் அது 260, சிந்தெடிக்கில் 520. சேர்த்துப் போட்டுப் பார்த்தால் சரிக்குச் சரி வர 43,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஒரு ராத்திரியில் 28,000 போய் 43,000 ஆகிவிட்டது. இந்த வயது இன்ஜினில், ஒரே எண்ணெயை, ஒரே ஃபில்டரை 43,000 ஓட்ட எனக்குத் துணிவில்லை. 1,000-க்கு ஒரு லிட்டர் குடிக்கும் வண்டியென்றால் கணக்கே போட வேண்டாம், விலை உயர்ந்த ஆயிலை எரித்துப் புகையாக விடுவதுதான் மிஞ்சும்.

கடைக்காரர் சொன்ன 40,000 புது வண்டிக்குச் சரியாக இருக்கலாம். 7 லட்சம் ஓடிய இன்ஜினைப் பார்க்காமலே அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

03.03.2023

கணக்கு எதிராக இருந்தும் இன்றைக்கு மறுபடி சிந்தெடிக் ஊற்றிவிட்டேன். ஒன்றரை வருடம் தப்பான காரணத்தைச் சொல்லித் திரிந்தவன், சரியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். இந்த முறை பிரீதரைக் கழுவியாயிற்று. டேப்பெட் கவர் பேக்கிங் லேசாகக் கசிந்தது, அதையும் பேஸ்ட் வைத்து மாட்டியாயிற்று. முதல் ஆயிலை 5,000-லேயே இறக்கிவிடுவேன், கழுவி வரும் கசடு அதோடு போகட்டும்.

சம்ப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவச் சொன்னார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பேரிங்குக்கு அந்தப் பத்து நிமிடம் எண்ணெய்ப் படலமே இருக்காது. பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜின் கையை விட்டுப் போய்விடும்.

09.03.2023

இரண்டாம் நாளே கருப்பாகிவிட்டதே என்று டிரைவர் போன் செய்தார். ஆகத்தான் செய்யும். பழைய எண்ணெய் முழுதாக வடிவதில்லை, டீசல் கரியும் சேர்கிறது. கருப்பு என்றால் ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அவரிடம் பேசும்போது வேறொன்று தெரிந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை. தொப்பூர் மலைப்பாதையில் ஏறி மேலே போனதும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி உடனே சாவியைத் திருப்பி விடுகிறாராம். டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றதும் அதற்கு ஆயில் வருவதும் நிற்கும், உள்ளே நிற்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். சிந்தெடிக் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அது அதன் உண்மையான பலம். ஆனால் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் மினரலே போதும். போன வருடம் டர்போ மாற்றியது எதனால் என்று இப்போதுதான் புரிகிறது. டிரைவர் மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான்.

30.03.2023

5,000 ஆனது. ஒழுகல் இல்லை. பின் சீல் காய்ந்து கிடக்கிறது. இறக்கிய ஆயிலில் ஒரு பாட்டில் சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

07.04.2023

ரிப்போர்ட் வந்தது, வயிறு கலங்கிவிட்டது. சிலிக்கான் 34 பிபிஎம். 5,000 கிலோமீட்டருக்கு இது அதிகம். சிலிக்கான் என்றால் மண். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே எங்கோ தூசி போகிறது. நாளைக்கு முழு ஹோஸையும் கழற்றப் போகிறேன். தூசி போனால் எந்த ஆயில் ஊற்றினாலும் ரிங் தேய்ந்துவிடும்.

09.04.2023

ஹோஸ், கிளிப் எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே சுத்தமாக இருக்கிறது, வெள்ளைத் துணியில் துடைத்தால் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பிறகு ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். மண் போயிருந்தால் அலுமினியமும் கூட ஏறியிருக்க வேண்டும், மண்ணில் அலுமினியம் உண்டு. ரிப்போர்ட்டில் அலுமினியம் 3 மட்டும்தான். அப்போதுதான் டேப்பெட் கவருக்கு வைத்த பேஸ்ட் நினைவுக்கு வந்தது. அது சிலிக்கான் பேஸ்ட். புதிதாக வைத்ததிலிருந்து ஆயிலில் கரைந்து காட்டுகிறது.

ஆய்வகத்துக்கு அனுப்புகிறவர்கள் ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த இரண்டு நாள் நான் தூங்கவில்லை.

22.05.2023

தன் ரிக் வண்டிகளுக்கு சிந்தெடிக் ஊற்றலாமா என்று கேட்ட திருச்செங்கோட்டு அண்ணனுக்குப் பதில். உங்கள் ரிக் வண்டிகள் ஆறு மாதம் ஒரு மாநிலம், ஆறு மாதம் இன்னொரு மாநிலம் என்று நிற்பவை. கம்ப்ரஸர் இன்ஜின் ஒரே இடத்தில் நின்று, வெயிலில், மணிக்கணக்காக முழு லோடில் ஓடுகிறது. இமாசலத்தில் குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டியதும் உங்கள் வண்டிதான். நான் போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் அங்கே சிந்தெடிக் ஊற்றுவதுதான் நியாயம். ஆனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மணிக்கணக்கில் மாற்றுங்கள்.

09.07.2023

5,000-ல் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றிய சிந்தெடிக் 20,000 ஓடியது. சொன்னபடி முடிவை எழுதுகிறேன்.

ஒழுகல் எங்கும் இல்லை. ஆயில் குடிப்பது 2,500-க்கு ஒரு லிட்டர், முன்பு போலவேதான். மைலேஜ் மினரலில் 4.6, இதில் 4.7. அந்த ஒரு புள்ளி டயர் காற்றிலும் லோடிலும் வரக்கூடிய வித்தியாசம், ஆயில் கணக்கில் நான் எழுத மாட்டேன். விடியற்காலை ஸ்டார்ட்டில் பிரஷர் முள் முன்பைவிடச் சீக்கிரம் எழுகிறது, அதைக் கண்ணால் பார்த்தேன். ஆய்வகத்தில் சிலிக்கான் 11-க்கு இறங்கிவிட்டது, பேஸ்ட்தான் என்பது உறுதி. இரும்பு 68, இந்த வயதுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புளிப்பை முறிக்கும் காரம், டிபிஎன் என்பார்கள், பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. அதில் டீசலுக்கும் பங்கு உண்டு. இந்த வண்டி வாங்கியபோது இங்கே டீசலில் கந்தகம் 500 பிபிஎம் வரை இருக்கலாம், 2020 ஏப்ரலிலிருந்து 10-தான். கந்தகம் குறைந்தால் புளிப்பும் குறையும். 9,000-லேயே மாற்று என்று பெரியவர்கள் சொன்னது அந்தக் காலத்து டீசலுக்கு.

ஆக சிந்தெடிக் என் இன்ஜினை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் நான் மினரல் சி.ஐ-4-க்கே திரும்புகிறேன். லிட்டருக்கு 260 ரூபாய் மிச்சமாகிற பணத்தில் ஏர் ஃபில்டரையும் பிரீதரையும் நேரத்துக்கு மாற்றினால் இந்த இன்ஜினுக்கு அதைவிட நல்லது செய்தவனாவேன்.

16.07.2023

தம்பியின் வண்டியில் மூடி துள்ளி விழுந்தது, 1,000-க்கு ஒன்றரை லிட்டர் குறைகிறது, ரிங் லைனர் வேலைக்கு இறக்கியாயிற்று என்று எழுதியிருக்கிறார். நல்ல முடிவு. பிரித்தபோது இரண்டு சிலிண்டரில் ரிங் உடைந்திருந்ததாம்.

வேலை முடிந்ததும் முதல் ஆயில் மினரலாகவே இருக்கட்டும். புது ரிங் லைனரில் உரசிப் பழக வேண்டும். முதல் ஆயிலை 2,000-ல் இறக்கி ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். அதுவரை பாதி லோடுதான், ஆனால் ஐடிலில் வெறுமனே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு 20,000 ஓடி, டிப்பில் குறையாமல் நின்ற பிறகு சிந்தெடிக் ஊற்ற ஆசை இருந்தால் ஊற்றுங்கள், அப்போது கணக்கு உங்களுக்குச் சாதகமாக வரும். மறக்காமல் பிரீதர் குழாய் புதுசு வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பழையதைக் கழுவி மாட்டுகிறேன் என்பார்கள், விடாதீர்கள்.